செண்டுடுக் செடியும் மருந்துப் பம்பும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பகாவில், எஸ்டேட் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். வேலியோரம் செண்டுடுக் என்ற காட்டுச்செடி தானாக முளைத்து ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்குகிறது. அதை வாசலில் வளர்க்க ஆசை. தொட்டியில் வருமா? என்ன உரம் போடலாம்? சுற்றி மண்டும் புல்லுக்கு மருந்தடித்தால் செடி தாங்குமா? பாம்பு அடையும் என்கிறார் மாமியார்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாம்புப் பேச்சை விடுங்கள். தொட்டியிலும் வரும்தான். ஆனால் ஆளுயரம் வளர்கிற செடியை அதில் ஏன் அடைக்க வேண்டும்? நல்ல வெயில் படும் தரையில் வையுங்கள். உரம் தேவையில்லை. அலுமினியம் மிகுந்த புளிப்பு மண்ணில் பல செடிகளுக்கு வேரே ஓடாது. செண்டுடுக் அந்த அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்துக்கொண்டு செழிக்கும். சுண்ணாம்பை மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

மருந்தடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

என் அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனவர். முதுகில் பம்பைச் சுமந்து, பால்மர (ரப்பர் மர) நிரைகளுக்கு நடுவே இதே செண்டுடுக்கின் மேல் மருந்தடிப்பார். நாங்கள் அதன் பழத்தைத் தேடித் தின்போம். வெடித்த காய்க்குள் கருநீலச் சதை, துவர்ப்பு கலந்த இனிப்பு. ஒரு நாள் என் கறுத்த நாக்கைப் பார்த்ததும் இழுத்து வைத்து அறைந்தார். அப்புறம் தண்ணீரை ஊற்றி ஊற்றி வாயைக் கழுவிவிட்டார், அழுதுகொண்டே. அன்று எந்த நிரையில் மருந்தடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவருடைய விரல் நகங்கள் வெளுத்துப் பிளந்து கிடக்கும். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லிக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். அதைக் கேட்க அம்மா இல்லை.

அதுதான் தடை செய்தாகிவிட்டதே, வேறு மருந்து அடிக்கலாமே என்பீர்கள். எந்த மருந்தும் வேண்டாம். கூலிக்காக வேறு வழியின்றி நம் பெண்கள் சுமந்த பம்பை, காசு கொடுத்து வாங்கி நம் வாசலுக்கே கொண்டு வருவதா? காலையில் அந்தப் பூவருகே கொஞ்சம் நில்லுங்கள். அதில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகவே கருவண்டு வரும். மகரந்தப் பையைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிர வைக்கும். நுனித் துளை வழியாகத் தூள் கொட்டும். நீங்கள் அடிக்கும் மருந்து அந்தப் பூவிலும்தான் படியும்.

புல்லைக் கையால் பிடுங்குங்கள். வேலியோரச் செடியைப் பிடுங்க வேண்டாம். அரைமுற்றலான தண்டில் ஒரு சாண் வெட்டி, நிழலில் ஈரமண்ணில் ஊன்றுங்கள். வேர் பிடித்ததும் வெயிலுக்கு மாற்றலாம். பழம் பழுத்தால் பிள்ளைகள் பறித்துத் தின்னட்டும், தடுக்காதீர்கள்.