இன்னும் இரண்டு மாதத்தில் நிறுவன வேலையாகச் சென்னையிலிருந்து முதல்முறை ஒரு வாரம் ஜெர்மனி போகிறேன். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

சென்னையிலிருந்து கிளம்புகிறீர்கள், கையில் இரண்டு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளம், ஆனால் விசா வேலையை இன்றே தொடங்குங்கள். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும், கூடுதலாக ஏதாவது கேட்டால் 45 நாள் வரை இழுக்கும். விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரில் போக முன்பதிவு நேரம் கிடைப்பதே தனிப் பாடு. அழைப்புக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல் நேரத்தை முதலில் பிடித்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது சி வகை ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் பகுதி ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகிய கால விசா. கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வாங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 பக்கம் காலியாக வேண்டும்.

இதையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே கொண்டுபோகிறார்கள். சிக்கல் வருவது கடிதங்களில்தான். ஜெர்மன் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், உங்கள் நிறுவனத்தின் கடிதம், விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு, காப்பீடு ஆகிய ஐந்திலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். செலவு யாருடையது என்பதையும் இரண்டு கடிதமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். "பயணச் செலவு நாங்கள், தங்கும் செலவு அவர்கள்" என்று பிரித்தே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அலுவலகத்திலோ இனிஷியலோடு ஒரு பெயர். ஜெர்மன்காரர் உங்கள் மின்னஞ்சல் கையெழுத்தைப் பார்த்துக் கடிதம் அடித்துவிடுவார். முதலிலேயே பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை அனுப்பி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லிவிடுங்கள்.

பயண நோக்கத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கூட்டம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் வணிக விசாவில் அடங்கும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து தினமும் கணினி நிரல் எழுதுவதும் இயந்திரம் பொருத்துவதும் வேறு கணக்கு. அவற்றுக்குத் தனி விதி உண்டு. அப்படிப்பட்ட வேலை என்றால் இப்போதே உங்கள் மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.

விசா ஒட்டி வந்ததும் இரண்டைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து எதுவரை, மொத்தம் எத்தனை நாள். தேதி இடைவெளி 25 நாள் இருந்தாலும் நாள் எண்ணிக்கை 10 என்றால் 10 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

பெட்டிக்கு வருவோம். நெய், பால்கோவா, பனீர், இறைச்சி எதுவும் கூடாது. வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், ஆகவே விட்டுவிடுங்கள். பொடி வகை போதும். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட். மின்னழுத்த மாற்றி வேண்டாம், பிளக் அடாப்டர் போதும். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக் நுழையவே நுழையாது.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. சின்ன உணவகங்களில் கார்டு வாங்காத இடம் இன்னும் இருக்கிறது; 100 யூரோ ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மலிவு ரயில் டிக்கெட் பெரும்பாலும் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் அது வீண். இறங்கும் நாளுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட் எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. ஓட்டல் ரசீதை உங்கள் நிறுவனப் பெயரிலும் முகவரியிலும் போடச் சொல்லி அறை எடுக்கும்போதே கேளுங்கள். ஊர் திரும்பியபின் மாற்றி வாங்குவது பெரும்பாடு.

கூட்டத்தில் ஜெர்மன்காரர்கள் தாங்களாகச் சொல்லும்வரை முதற்பெயரால் கூப்பிட வேண்டாம். ஹெர் (ஆணுக்கு) அல்லது ஃபிராவ் (பெண்ணுக்கு) சேர்த்துக் குடும்பப்பெயர். ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். யாராவது நேரத்தை "ஹால்ப் ட்ஸேன்" என்றால், சொல்லுக்குச் சொல் "அரை பத்து", நம் காதுக்குப் பத்தரை என்றே படும். அவர்கள் சொல்வது ஒன்பதரை.