ஒரு பேட்ச் கார்டு ஊர் நெட்டையே நிறுத்தியது ஏன்?

கேள்வி: திருப்பூரில் கேபிளும் இணைய சேவையும் நடத்துகிறேன். 11 சுவிட்சுகளை (டேட்டாவைப் பிரித்து அனுப்பும் பெட்டிகள்) 10 ஜி, அதாவது நொடிக்கு 10 ஜிகாபிட் ஃபைபரில் ரிங்காக, ஒரு வட்டமாக இணைத்திருக்கிறோம். ஒரு பனியன் கம்பெனிக்கு ஆபீஸ், நிட்டிங் யூனிட், சாயப்பட்டறை மூன்றையும் ஒரே நெட்வொர்க்காக இணைத்துக் கொடுத்தோம். போன மாதம் அவர்கள் ஆபீசில் யாரோ ஒரு பேட்ச் கார்டின் (சிறிய நெட்வொர்க் கேபிள்) இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் சொருகிவிட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் எங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் நெட் இல்லை. எந்த சுவிட்சுக்குள்ளும் லாகின் ஆக முடியவில்லை. ஒவ்வொரு இடமாகப் போய் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். இனி இப்படி ஆகாமலிருக்க ரிங்கை எப்படி மாற்றுவது? அந்தக் கம்பெனியின் ஐடி பொறுப்பாளர் வேறு, "இந்த லைனில் போகும் எங்கள் டேட்டாவை யாராவது பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய கான்ஃபிக்கைப் பார்த்தேன். ரிங்கை மாற்றலாம், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாற்ற வேண்டியது அந்த ஆபீசுக்குப் போகும் ஒற்றை போர்ட்டை. அது வீலான் 1-இல் இருக்கிறது (வீலான் என்பது ஒரே கம்பியில் தனித்தனியாகப் பிரித்து ஓடும் நெட்வொர்க்). உங்கள் சுவிட்சுகளின் மேனேஜ்மென்ட் ஐபியும் (நீங்கள் லாகின் ஆகும் முகவரி) அதே வீலான் 1-இல் இருக்கிறது. அன்று நடந்த அத்தனைக்கும் காரணம் இதுதான்.

ஐபி பாக்கெட்டில் ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அது குறையும், பூஜ்யமானால் பாக்கெட் அத்தோடு முடிந்தது. சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. லூப்பில், அதாவது சுற்றுப்பாதையில், மாட்டிய பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்), யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். 64 பைட் ஃபிரேமாக இருந்தால் 1 ஜி போர்ட்டில் நொடிக்கு சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் ஃபிரேம் வரும். 10 ஜி ரிங் அதைத் தாங்கிவிடும். தாங்காதது சுவிட்சின் சிபியு. மேனேஜ்மென்ட் ஐபி இருக்கிற வீலானில் பிராட்காஸ்ட் வந்தால் ஒவ்வொரு சுவிட்சும் அதைத் தன் சிபியுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதனால்தான் உங்களால் லாகின் ஆக முடியவில்லை.

அதற்கு அடுத்து நடந்தது இன்னும் மோசம். நீங்கள் ரிங்கைக் காப்பதற்கு, அது லூப்பாகாமல் ஒரு போர்ட்டை அடைத்து வைக்கும் ஆர்எஸ்டிபி என்ற நெறிமுறையை வைத்திருக்கிறீர்கள். அது 2 நொடிக்கு ஒரு முறை பிபிடியு என்ற சிறு செய்தியை அனுப்பும், மூன்று வராவிட்டால் பக்கத்து சுவிட்ச் போய்விட்டது என்று நினைக்கும். சிபியு திணறும்போது பிபிடியுவும் தவறும். அடைத்து வைத்திருந்த போர்ட் கொஞ்ச நேரத்தில் திறந்துகொள்ளும், ரிங்கே ஒரு லூப்பாகிவிடும். வாடிக்கையாளரின் மேசை மேல் இருந்த லூப் உங்கள் 10 ஜி ஃபைபருக்குள் வந்தது இப்படித்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 11 சுவிட்சிலும் ப்ரையாரிட்டி 32768, அதாவது பெட்டியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே எண் என்றால் மிகச் சிறிய மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) உள்ள சுவிட்ச்தான் ரூட், அதாவது ஆர்எஸ்டிபியின் தலைமைச் சுவிட்ச் ஆகும், பல சமயம் அது இருப்பதிலேயே பழைய பெட்டியாக இருக்கும். நான் பார்த்த ஒரு நெட்வொர்க்கில் தினமும் மாலை 6 மணியை ஒட்டி எல்லோருக்கும் சில நொடி நெட் நின்று வரும். இரண்டு வாரம் ஃபைபரைச் சந்தேகப்பட்டு, பழுது தேடும் ஓடிடிஆர் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கடைசியில் பார்த்தால், ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தின் அலமாரியில் இருந்த பழைய சுவிட்ச் ஊர் முழுவதற்கும் ரூட்டாக இருந்தது. அவர்கள் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயினை அணைப்பார்கள், மொத்த ரிங்கும் புது ரூட்டைத் தேடும். உங்கள் போர்ட்டும் வாடிக்கையாளரின் பிபிடியுவை இப்போது அப்படியேதான் நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாடிக்கையாளர் போர்ட்டை உங்கள் நெட்வொர்க்கின் எல்லையாக நினையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதுவும் உங்கள் சுவிட்சின் சிபியுவையோ உங்கள் ரிங்கின் முடிவுகளையோ தொடக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மேனேஜ்மென்ட்டைத் தனி வீலானுக்கு மாற்றுங்கள். அந்த வீலான் எந்த வாடிக்கையாளர் போர்ட்டிலும் இருக்கக் கூடாது. வீலான் 1-ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள். ட்ரங்க் போர்ட்டுகளின் (பல வீலான்கள் சேர்ந்து போகும் போர்ட்டுகள்) நேட்டிவ் வீலானையும் (டேக், அதாவது வீலான் எண், ஒட்டாத ஃபிரேம் சேரும் வீலான்) யாரும் பயன்படுத்தாத எண்ணாக வைத்து, அதற்கும் டேக் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒருவர் இரண்டு டேக் வைத்து ஃபிரேம் அனுப்பி, வெளி டேக் உரிந்ததும் உள் டேக்கை வைத்து அடுத்தவர் வீலானுக்குள் போய்விட வழி இருக்கிறது. மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் லாகினை மூடிவிட்டு மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச், சுவிட்சைக் கண்காணிக்கும் பழைய எஸ்என்எம்பிக்குப் பதில் அதன் மூன்றாம் பதிப்பு, காலி போர்ட்டுகள் எல்லாம் ஷட்டவுன். இதை எல்லாம் ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம்.

அப்புறம் வாடிக்கையாளர் டிராஃபிக்கை கியூ-இன்-கியூவில் போடுங்கள். 802.1ஏடி என்று 2005-இல் வந்த தரம் இது. வாடிக்கையாளர் உள்ளே எந்த வீலான் எண் வைத்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மேலே உங்கள் டேக் ஒன்றைப் போட்டு எடுத்துப் போவீர்கள். பனியன் கம்பெனியும் வீலான் 10 வைத்திருக்கலாம், பக்கத்து ஏற்றுமதி நிறுவனமும் வீலான் 10 வைத்திருக்கலாம், மோதாது. வெளி டேக்குக்குக் கிடைப்பது 4094 எண்கள்தான். உங்கள் அளவுக்கு அது தாராளம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எம்டியூ, அதாவது ஒரு லிங்க் எவ்வளவு பெரிய ஃபிரேமை வாங்கும் என்ற வரம்பு. சாதாரண ஈதர்நெட் ஃபிரேம் 1518 பைட், ஒரு டேக் சேர்ந்தால் 1522, இரண்டு டேக் என்றால் 1526. ரிங்கில் ஒரே ஒரு சுவிட்ச் 1522-க்கு மேல் வாங்காது என்றால், அது பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரூட்டர் மாதிரி துண்டு போட்டு அனுப்பாது, யாருக்கும் சொல்லவும் சொல்லாது. வாடிக்கையாளர் உங்களிடம் சொல்வது இப்படி இருக்கும்: "பிங் போகுது சார், டேலி ஓப்பன் ஆகுது, ஆனா டிசைன் ஃபைல் அனுப்பினா பாதியில நின்னுடுது." ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு, துண்டு போடக் கூடாது என்ற அடையாளத்தோடு 1472 பைட் பிங் (போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்துப் பாருங்கள். 28 பைட் தலைப்புகளும் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போனால் சரி. என் பழக்கம், ரிங் போர்ட்டுகள் எல்லாவற்றிலும் 9000-க்கு மேல் வைத்துவிடுவது. மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) எங்காவது நடுவில் இருந்தால் அதையும் பாருங்கள், பல இடத்தில் மறந்துபோவது அதுதான்.

வாடிக்கையாளரின் பிபிடியுவை என்ன செய்வது என்பதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பிபிடியு கார்டு என்ற காவல் வசதியைப் போட்டால், அவருடைய சுவிட்ச் முதல் பிபிடியுவை அனுப்பியதுமே போர்ட் மூடிக்கொள்ளும். நல்ல சுவிட்ச் வைத்திருப்பவருக்குத்தான் முதலில் லைன் போகும். ஃபில்டர் போட்டால் பிபிடியு உங்களிடம் வராது, ஆனால் அவர் இரண்டு தளங்களுக்கு நடுவில் சொந்தமாக ஒரு ஒயர்லெஸ் லிங்க்கும் வைத்திருந்தால், அந்த லூப் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டன்னல் செய்தால் அவருடைய பிபிடியு உங்கள் ரிங்கைத் தொடாமல் அவருடைய அடுத்த தளத்துக்குப் போய்ச் சேரும். லூப் இருந்தால் அவருடைய சுவிட்சே அடைத்துக்கொள்ளும். உங்கள் பனியன் கம்பெனி மாதிரி பல தளங்களை இணைப்பவருக்கு டன்னல்தான் சரி. ஆனால் பேட்ச் கார்டைச் சொருகியது மேனேஜ்டு அல்லாத சின்ன சுவிட்சில் என்றால் அது பிபிடியுவே அனுப்பாது. அதற்காக போர்ட்டில் லூப்பைக் கண்டுபிடிக்கும் சுவிட்சின் லூப் டிடெக்ஷனும், பிராட்காஸ்டுக்கு வரம்பு வைக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் கட்டாயம். 50 எம்பி லைன் வாங்கிய அலுவலகத்துக்கு நொடிக்குச் சில நூறு பிராட்காஸ்ட் போதும்.

மேக் முகவரிகளுக்கும் போர்ட்டில் வரம்பு வையுங்கள். கியூ-இன்-கியூவில் வாடிக்கையாளரின் ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் உங்கள் ரிங் சுவிட்சுகள் கற்றுக்கொள்ளும். அட்டவணை நிரம்பினால் அவை ஃபிரேமை அந்த வீலானின் எல்லா போர்ட்டுக்கும் வாரி இறைக்கும். சிறிய உத்தி ஒன்று: ரிங்கில் அந்த வாடிக்கையாளர் இல்லாத சுவிட்சுகளில் அவர் வீலானுக்கு இரண்டே போர்ட்டுகள்தான், ஒன்றில் வந்தது மற்றதில் போகும். அங்கே மேக் கற்கவே தேவையில்லை. உங்கள் சுவிட்சில் வீலான் வாரியாகக் கற்றலை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது ரிங். ஆர்எஸ்டிபியை எடுத்துவிட்டு ஐடியு-டி என்ற சர்வதேசத் தர அமைப்பின் ஜி.8032, அதாவது இஆர்பிஎஸ் என்ற ரிங் பாதுகாப்பு நெறிமுறையை வையுங்கள். 16 சுவிட்ச், 1200 கிலோமீட்டர் ஃபைபருக்குள் இருக்கிற ரிங்கில் 50 மில்லி நொடிக்குள் மாற வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒரு லிங்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து அடைத்து வைக்கிறீர்கள். எங்காவது அறுந்தால், அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் உள்ள சுவிட்சுகள் செய்தி அனுப்பும், அடைப்பு திறக்கும். ரூட் தேர்தல் எதுவும் கிடையாது. வாடிக்கையாளரின் பழைய பெட்டி போட்டிக்கே வர முடியாது. ஃபைபர் சரியானதும் உடனே பழையபடி திரும்பாமல் 5 நிமிடம் காத்திருக்கும், அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலை செய்பவர் கம்பத்தின் மேல் இருக்கும்போது லிங்க் நாலைந்து முறை வந்து வந்து போகும், அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

ஆனால் ரிங்கின் இரண்டு பக்கமும் ஒரே ஈ.பி. கம்ப வரிசையில் போகிறதா என்று நடந்தே போய்ப் பாருங்கள். வரைபடத்தில் அழகான வட்டமாக இருக்கும். தெருவில் பார்த்தால் போகிற கேபிளும் வருகிற கேபிளும் ஒரே கம்பத்தில் ஒன்றாகக் கட்டியிருக்கும். ஒரு லாரி உரசினால் இரண்டும் போய்விடும். அப்போது எந்த நெறிமுறையாலும் உதவ முடியாது.

வீட்டு வாடிக்கையாளர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வைஃபை ரூட்டரின் வேன் (வெளி இணைய) போர்ட்டில் சொருக வேண்டிய கேபிளை லேன் (வீட்டுக்குள் உள்ள கருவிகளுக்கான) போர்ட்டில் சொருகிவிடுவார்கள். உடனே அந்த ரூட்டர் தெருவில் உள்ள எல்லோருக்கும் 192.168 முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். உங்கள் சர்வர் மட்டுமே ஐபி முகவரி கொடுக்க விடும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கும், வாடிக்கையாளர் போர்ட்டுகளைப் பிரித்து வைக்கும் போர்ட் ஐசொலேஷனும் போட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஐடி பொறுப்பாளருக்கு நேர்மையான பதில்: பார்க்க முடியும். நீங்கள் நடத்துவது போன்ற மெட்ரோ ஈதர்நெட் (ஊரளவு ஈதர்நெட் இணைப்பு) மற்றவர்களிடமிருந்து பிரித்துக் கொடுக்கும், ஆனால் மறைத்துக் கொடுக்காது. அவருடைய வீலானுக்குள் அடுத்த வாடிக்கையாளர் வர முடியாது என்று நீங்கள் உறுதி சொல்லலாம். ஆனால் உங்கள் ஊழியர் ஒருவர் ஒரு போர்ட்டை மிரர் செய்தால் (அதில் போவதை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்தால்), அல்லது தெருவோரப் பெட்டியை யாராவது திறந்தால், உள்ளே போவது அப்படியே படிக்கக் கிடைக்கும். இதை மழுப்பாமல் சொல்லுங்கள். ஆர்டர் விவரமும் சம்பளப் பட்டியலும் போகிற லைன் அது.

அவருக்கு என் பரிந்துரை, மூன்று தளங்களிலும் ஒரு ரூட்டர் வைத்து, அவற்றுக்கிடையே டேட்டாவை மறையாக்கும் ஐபிசெக் ஓட்டுவது. அதற்குக் கொஞ்சம் பைட்டுகள் கூடுதலாகப் போகும், டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1360 அளவில் வைத்தால் பிரச்சினை வராது. வேகம் அதிகம் வேண்டும் என்றால் 2006-இல் வந்த 802.1ஏஇ, அதாவது ஃபிரேமையே மறையாக்கும் மேக்செக் இருக்கிறது. அது ஃபிரேமுக்கு அதிகபட்சம் 32 பைட் சேர்க்கும். ஆனால் அதன் சாவிப் பரிமாற்ற ஃபிரேம்கள் போகும் முகவரியை வழியில் உள்ள சுவிட்ச் தனக்கு வந்தது என்று எடுத்து விழுங்கிவிடும். அதனால் அவர் அந்த முகவரியை மாற்ற வேண்டியிருக்கும், உங்களோடு உட்கார்ந்து சோதிக்காமல் வாங்கக் கூடாது.

ரூட்டர் வைப்பதில் இரண்டு பேருக்குமே லாபம். ஆபீசில் ஒரு கணினியில் ரான்சம்வேர் நுழைந்தால் அது சாயப்பட்டறை வரை ஒரே லேனில் ஓடாது, நடுவில் தடுக்க ஓர் இடம் கிடைக்கிறது. பேட்ச் கார்டு லூப் ரூட்டரோடு நின்றுவிடும். உங்களுக்கோ ஒரு தளத்துக்கு ஒரே ஒரு மேக் முகவரிதான் தெரியும், வரம்பை 3 என்று வைத்துவிடலாம். ரூட்டர் செலவைக் காரணம் காட்டி மறுப்பார்கள். மாத வாடகையில் சேர்த்து நீங்களே வைத்துக் கொடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு எத்தனை போன் வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அவருடைய ரூட்டரில் வேகத்தை ஷேப் செய்யவும், அதாவது வரம்புக்குள் சீராக அனுப்பவும், சொல்லுங்கள். 1 ஜி போர்ட்டில் 50 எம்பி விற்கும்போது உங்கள் போலீசர் (வேக வரம்பைக் காக்கும் வசதி) மிச்சத்தைக் கீழே போடும். டிசிபி அதைப் பார்த்துப் பின்வாங்கி, வாங்கிய 50-ஐக்கூட எட்டாது. அவர் பக்கத்தில் 48-க்கு ஷேப் செய்தால் லைன் சீராக ஓடும்.

சுவிட்சுகளின் கடிகாரங்கள் ஒன்றாக இருக்கட்டும், லாக் (நடந்தவற்றின் பதிவு) எல்லாம் ஒரு சர்வருக்கு வரட்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, லாக்கை 180 நாள் வைத்திருக்கவும், பட்டியலில் உள்ள சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும். சட்டத்துக்காக மட்டும் இல்லை. அன்று எந்த போர்ட்டில் புயல் முதலில் கிளம்பியது என்று லாக்கில் பார்க்க முடிந்திருந்தால், நீங்கள் 11 இடத்துக்கு வண்டியில் போயிருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், ஒரு ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, உங்கள் சொந்த ஆபீசை ஒரு வாடிக்கையாளர் போர்ட்டில் இணையுங்கள். விலை குறைந்த 5 போர்ட் சுவிட்ச் ஒன்றை வைத்து, நீங்களே பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் அதில் சொருகுங்கள். 11 சுவிட்சுக்கும் பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும், ஒருவர் திரையையும் இன்னொருவர் அந்தச் சுவிட்சின் விளக்குகளையும் பார்க்கட்டும். அந்த ஒரு போர்ட் மட்டும் மூடி, ஒரு பிங்கும் விழாமல் இருக்க வேண்டும். விழுந்தால் கார்டைப் பிடுங்கிவிட்டு, முதலில் பிங் விழுந்த சுவிட்சின் கான்ஃபிக்கையும் அந்த நேரத்து லாக்கையும் எனக்கு அனுப்புங்கள்.