லட்சத்துக்கு முழுமையாக்கினால் விடை ஏன் மாறுகிறது?

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இதை லட்சத்துக்கு முழுமையாக்கச் சொன்னதற்கு, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் 7,22,00,000 என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்து 7,21,00,000 என்று போட்டிருக்கிறார். அவள் செய்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை. எங்கே பிசகியது?

பதில்: உங்கள் மகள் படிப்படியாகப் போயிருக்கிறாள். முதலில் ஆயிரத்துக்கு 7,21,47,000. பிறகு பத்தாயிரத்துக்கு 7,21,50,000. அங்கே 5 வந்துவிட்டதால் ஒன்றைக் கூட்டி 7,22,00,000. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படியும் சரி. அதனால்தான் தப்பு உங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் கேள்வியில் இருந்த எண் 7,21,50,000 அல்லவே!

லட்சத்துக்கு முழுமையாக்குவது என்றால், பக்கத்தில் இருக்கும் முழு லட்சம் எது என்று பார்ப்பது. 7,21,00,000-க்கும் நம் எண்ணுக்கும் இடைவெளி 47,030. மேலே 7,22,00,000-க்கு 52,970. கீழே இருப்பதுதான் பக்கம். ஆசிரியர் திருத்தியது சரி.

லட்ச இடத்து இலக்கத்துக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அதற்கு வலப்பக்கம் ஒட்டி நிற்கும் ஒரே ஓர் இலக்கத்தை, மூல எண்ணிலேயே, பார்த்தால் போதும். இங்கே அது 4. லட்சம் அப்படியே நிற்கும். பின்னால் எல்லாம் பூஜ்யம். ஒரு இலக்கம் எப்படிப் போதும் என்று அவள் கேட்டால், கேட்க வேண்டும், இதைச் சொல்லுங்கள்: அந்த 4-க்குப் பின்னால் எந்த இலக்கங்கள் வந்தாலும் 49,999-ஐத் தாண்ட முடியாது. அரை லட்சமே ஆகாது. 5 வந்துவிட்டால் குறைந்தது அரை லட்சம் உறுதி. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம். மேலே ஏற்றுவது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். 1961 வருமான வரிச் சட்டம் 288ஏ பிரிவிலும், மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்க இதே வழக்கம்தான் இருந்தது.

இடம் மாறும்போதெல்லாம் மூல எண்ணுக்கே திரும்ப வேண்டும். பத்து லட்சத்துக்கு 7,20,00,000, கோடிக்கு 7,00,00,000.

பிள்ளைகள் தடுமாறும் இன்னோர் இடம் 9. 39,962-ஐ நூறுக்கு முழுமையாக்கினால், நூறின் இடத்து 9-உடன் ஒன்று சேர்ந்து பத்தாகி, அடுத்த 9-ஐயும் தள்ளி, 40,000 ஆகும். மீதி ஒன்றை விட்டுவிட்டு 39,000 என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இத்தனை பூஜ்யமா என்று அவள் தயங்க வேண்டாம். இந்த எண்ணை ஆயிரத்துக்கு முழுமையாக்கினாலும் அதே 40,000தான்.

அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. இதை லட்சத்துக்கு முழுமையாக்கச் சொல்லிப் பாருங்கள். 46,00,000 வந்தால் பிடிபட்டுவிட்டது. 47,00,000 வந்தால் இன்னும் படிப்படியாகத்தான் போகிறாள். அடிக்கோட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.