இந்தியக் கடற்படையில் நீர்மூழ்கியா, விமானப் பிரிவா: எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், இரண்டுக்கும் முடிவெடுக்கும் நேரமே வேறு. ஷார்ட் சர்வீஸ் (குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் பணி) பைலட் என்றால் விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில், விமானியாகும் திறனைச் சோதிக்கும் சி.பி.எஸ்.எஸ். என்ற கணினித் தேர்வு உண்டு. வாழ்நாளில் ஒரே வாய்ப்பு, தவறினால் மறுபடி எழுத முடியாது. பறக்கும் ஆசை இருந்தால் கண் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். ஹெலிகாப்டர் பயிற்சி நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில்தான்.

நீர்மூழ்கிக்கு அவசரமில்லை. அதிகாரியான பிறகு விருப்பம் தெரிவித்து விசாகப்பட்டினம் சாதவாகனா பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம். மூழ்கிய கலத்திலிருந்து தப்பும் பயிற்சியும் அங்கேதான். கல்வாரி வகை நீர்மூழ்கியில் 40 பேருக்கு மேல், வாரக்கணக்கில் வெயில் படாமல், வீட்டோடு பேச்சில்லாமல், குளிக்கும் தண்ணீரைக்கூட எண்ணிச் செலவழித்து இருப்பார்கள். அந்த நெருக்கடியில் எரிச்சல்படாமல் பழகும் மனம் உங்களுக்கு உண்டா? மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.