ஆர்க்டிக் சூடாவதும் நம் மலையின் உறைபனியும்: கேள்வி பதில்

தலைக்குந்தா வாசகர்: சார், தை மாசம் கேரட் தோட்டமே வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. வடதுருவக் குளிர் இங்க வரைக்கும் வந்துடுச்சா?

இல்லைங்க. நீலகிரி இருப்பது 11 டிகிரி வடக்கில். துருவக் காற்று அவ்வளவு தூரம் வராது, நடுவில் இமயமலையும் நிற்கிறது. மேகமில்லாத வானம், அசையாத காற்று, குறைந்த ஈரப்பதம் மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் மண்ணின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பிக்க, பள்ளத்துக் கேரட் கருகுவது இதனால்தான். வானிலை நிலையத் தெர்மாமீட்டர் ஆள் மார்பளவு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும். அது 3 டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். தோட்டத்தின் ஆகப் பள்ளமான இடத்தில் தரையோடு ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

கோத்தகிரி வாசகி: அப்போ ஆர்க்டிக் சூடாவது யாரைத்தான் பாதிக்கும்?

முதலில் ஆர்க்டிக்கையே. 1979க்குப் பிறகு அது உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அது உருகினால் கருத்த கடல் வெயிலைக் குடித்துக்கொள்ளும்.

ஐரோப்பா, வட அமெரிக்காவின் வானிலையையும் அது மாற்றுகிறதா என்பதில்தான் விவாதம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றுக்கு விசை தருவது வடக்கு தெற்கு வெப்ப வித்தியாசம். ஆர்க்டிக் சூடாகி அந்த வித்தியாசம் குறைந்தால் காற்று தளர்ந்து, ஆறு வளைவதுபோல் வளையும். வளைவு ஒரே இடத்தில் நின்றால் அங்கே வெயிலோ குளிரோ வாரக்கணக்கில் நீடிக்கும். 2012ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜெனிபர் பிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் இருவரும் முன்வைத்த கருத்து இது. ஆனால் மேல் உயரத்தில் வெப்பமண்டலமும் வேகமாகச் சூடாவதால் அங்கே வித்தியாசம் கூடுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. கணினி மாதிரிகளில் துருவத்தின் கை பலவீனமாகவே தெரிகிறது. 'எல்லாத்துக்கும் ஆர்க்டிக்தான் காரணம்' என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

குன்னூர் மாணவர்: 2021ல் டெக்ஸாஸ் உறைந்ததே?

அந்த ஜனவரியில் துருவத்துக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரக் காற்று திடீரென்று சூடாகி, துருவத்தைச் சுற்றி ஓடும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் குலைந்தது. பிப்ரவரியில் குளிர் தெற்கே சரிந்தது. ஆனால் இப்படிச் சுழல் குலைவது பழைய வழக்கம்தான், சராசரியாக மூன்று குளிர்காலத்தில் இரண்டு முறை நடக்கும். பனி உருகுவதால் அது கூடுகிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

கூடலூர் வாசகர்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதே?

அது தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டிக் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். கனமழை வலுப்பதற்கு அதுவே பெரிய காரணம். ஆர்க்டிக்கில் காரா கடல் பனி குறைவதற்கும் செப்டம்பர் கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவின் துருவ ஆய்வு மையத்தார் காட்டியிருக்கிறார்கள். அது மத்திய இந்தியாவுக்கு, நமக்கல்ல.

பூம்பாறை வாசகர்: ஸ்பிரிங்க்ளர் போட்டும் உருளைக்கிழங்கு கருகிடுச்சுங்க.

நடுவில் நிறுத்தியிருப்பீர்கள். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூடு வெளிவிடும். இலையைக் காப்பது அதுதான். நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலையின் சூட்டையே உறிஞ்சும், ஒன்றும் செய்யாததைவிட மோசம். தரைத் தெர்மாமீட்டர் 2 டிகிரிக்கு இறங்கும்போதே தொடங்குங்கள். மணிக்கு 3 மி.மீ. அளவாவது விழ வேண்டும். வெயில் பட்டு ஐஸ் முழுக்க உருகும்வரை ஓடட்டும். தொட்டித் தண்ணீர் விடியும்வரை தாங்காது என்றால் தொடங்கவே வேண்டாம். சாயங்காலமே காய்ந்த புல்லால் மூடிவிடுங்கள்.