ஆப்புல 68 காட்டுது, நம்பலாமா?

கடை ஜெனரேட்டர் சத்தத்துல பிபி இருக்கற அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல, போன் ஆப்புல 68 டெசிபல் காட்டுதுன்னு சொல்றீங்க, படிச்சதும் கஷ்டமா இருந்துச்சு. அந்த 68ஐ அப்படியே நம்பாதீங்க, போனுக்கு போன் மைக் மாறும். கவர கழட்டிட்டு, அப்பா தலை வைக்கிற தலகாணி பக்கத்துல 10 நிமிஷம் வச்சு சராசரிய எழுதிக்கோங்க, ஜெனரேட்டர் நின்னதும் அதே இடத்துல, அதே போன்ல இன்னொரு தடவ, அந்த வித்தியாசம்தான் முக்கியம், ஏன்னா 10 டெசிபல் கூடுனாலே சத்தத்தோட சக்தி 10 மடங்கு. 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு பகுதில ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் 45தான் லிமிட் (அது வெளில அளக்குற கணக்கு, அதனால ஜன்னலுக்கு வெளியவும் அளங்க). முழிப்பு வரலன்னாலும் தூக்கத்துல சத்தம் கேட்டா இதயத்துடிப்பு ஏறும், டாக்டர்கிட்ட இதையும் அவசியம் சொல்லுங்க.