பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் போட்டு, மானிட்டர் இல்லாமல் ஓடும் வீட்டுச் சர்வராக்குவது எப்படி?

கேட்டவரிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க். போட்டோக்களையும் வீடியோக்களையும் வைக்க இது தாராளம். டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது அரை மணி நேர வேலை. கரண்ட் போய் வந்தபின் யாரும் தொடாமல் அது தானாக எழுந்து நிற்க வேண்டும், அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கேபினெட்டைத் திறந்து 2 டிபி டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலர் டிஸ்குகளை எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களோடு காட்டும். அவசரத்தில் ஒரு எழுத்து மாறினால் பத்து வருடப் போட்டோ போய்விடும்.

டெபியன் தளத்தில் நெட்இன்ஸ்ட் (netinst) என்ற சிறிய நிறுவல் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், 1 ஜிபிக்குள்தான் இருக்கும். அதைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் (Rufus) என்ற நிரலில் எழுதுங்கள், எந்த முறை என்று கேட்டால் டிடி (DD) முறையைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ (UEFI) என்று போட்டிருப்பதையே எடுங்கள்.

இன்ஸ்டாலரில் தமிழும் உண்டு. ஆனாலும் சர்வருக்கு ஆங்கிலமே வசதி, ஏதாவது பிழை வந்தால் அந்த வரியை அப்படியே தேடலாம். நெட்வொர்க்குக்கு லேன் கேபிள் போதும், வைஃபை வேண்டாம். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ அனுமதி, அதாவது நிர்வாகிக் கட்டளைகளை ஓட்டும் உரிமை, கிடைத்துவிடும். பார்ட்டிஷனுக்கு முழு டிஸ்க், எல்லாம் ஒரே பகுதியில். வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கடைசியில் மென்பொருள் தேர்வுத் திரை வரும். அங்கே டெஸ்க்டாப் சூழலும் அதன் ஒரு வகையான க்னோமும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். டிக்கை எடுக்க ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். என்டர் தட்டினால் திரை நகர்ந்துவிடும், முழு டெஸ்க்டாப்பும் இறங்க ஆரம்பித்துவிடும். இடம் வீணாவதோடு நிற்காது: யாரும் லாகின் செய்யாவிட்டால் க்னோம் சிறிது நேரத்தில் இயந்திரத்தைத் தூங்க வைத்துவிடும். "சர்வர் அடிக்கடி தொலைந்துபோகிறது" என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (SSH) சர்வர், அடிப்படைக் கருவிகளான ஸ்டாண்டர்ட் யுடிலிட்டிஸ் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரைக் கழற்றுமுன் பயாஸில் இரண்டு மாற்றம். ஏசி பவர் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைப் பவர் ஆன் என்று வையுங்கள். கீபோர்டு இல்லை என்று பூட் நின்றுபோகாதபடி, பிழைக்கு நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். சர்வரின் ஐபி முகவரி மாறாமலிருக்க, அதை ரவுட்டரிலேயே மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒதுக்கிவிடுவது சுலபம்.

இப்போது 2 டிபி டிஸ்கை மாட்டலாம். பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது (மவுண்ட்) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எஸ்டிபி1 என்று எழுதாதீர்கள், அந்தப் பெயர் அடுத்த பூட்டில் மாறலாம். பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடியை (மாறாத அடையாள எண்) எழுதி, ஆப்ஷன் பகுதியில் நோஃபெயில் (nofail) என்பதையும் சேருங்கள். இந்த ஒரு சொல் இல்லையென்றால், டிஸ்கோ கேபிளோ பழுதாகும் அன்று சர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போகும். ரூட் பாஸ்வேர்டைத்தான் காலியாக விட்டோமே, அங்கே உள்ளேயும் விடாது, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்றே சொல்லும். அப்புறம் பென் டிரைவைத் தேடி ரெஸ்கியூ நிலையில் நுழைந்துதான் சரிசெய்ய வேண்டும். கோப்பை மாற்றியதும் ரீபூட் செய்யாமல் மவுண்ட் கட்டளையை ஏ ஆப்ஷனோடு (mount -a) ஓட்டிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

நோஃபெயிலுக்கும் ஒரு பக்க விளைவு உண்டு. டிஸ்க் வராவிட்டாலும் பூட் ஆகிவிடுவதால், பேக்கப் நிரல் டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டிய காலி ஃபோல்டரிலேயே எழுதத் தொடங்கி எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த ஃபோல்டருக்குச் சேட்டர் கட்டளையால் பிளஸ் ஐ (chattr +i) கொடுத்துவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல் எழுதலாம்.

டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி (/tmp) ஃபோல்டர் ரேமில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரிய வீடியோவை அங்கே இறக்கினால் 8 ஜிபியில் பாதிவரை அதுவே தின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும், டிஸ்க் இல்லாமலும் சர்வர் தானாக எழுகிறதா என்று சோதிக்க, முறையாக ஷட்டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை அணைத்து, 2 டிபி கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போடுங்கள். பவர் பட்டனைத் தொடக் கூடாது. மூன்று நிமிடத்தில் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் நுழைந்தால், கேபிளை மாட்டிவிட்டு கேபினெட்டை மூடலாம்.